இன்னொரு தடவை சொல்லு

ஆறு வயது அதிதியின் வாயில் ‘க’ எல்லாம் ‘த’ ஆகிவிடும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டுக்குச் சனிக்கிழமை காலைகளில் லேப்டாப் வழியாகப் பேச்சுப் பயிற்சி சொல்லித்தர வருவாள் தர்ஷினி. கொஞ்ச நாளாக அதிதி ‘க’ வரும் சொற்களையே தொடுவதில்லை. கத்தரிக்கோல் படத்தைக் காட்டினால், விரல்களால் வெட்டிக் காட்டுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள்.

“சின்னவளா இருக்கும்போது எப்படிப் பேசினா மேடம்? ஏதாவது வீடியோ இருக்கா?” என்று தர்ஷினி கேட்டாள்.

அம்மா ஸ்ரீரஞ்சனிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் எல்லாருக்கும் பிடித்த வீடியோ ஒன்று இருந்தது. உற்சாகமாக ஃபோனைத் திரைக்கு நேரே பிடித்தாள்.

பால்கனிச் சுவரில் ஒரு காக்கா. மூன்று வயது அதிதி அதைக் காட்டி, “தாத்தா! தாத்தா!” என்றாள். உடனே பெரிய சிரிப்பு. ஸ்ரீரஞ்சனியின் சிரிப்புத்தான். “இன்னொரு தடவை சொல்லுடி, சித்தப்பாவுக்கு அனுப்பணும். யாரு வந்திருக்கா?” “தாத்தா.” மறுபடி சிரிப்பு. மறுபடி கேள்வி. கடைசியில் குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்தது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டது. அதோடு வீடியோ முடிந்தது.

எத்தனையோ தடவை பார்த்ததுதான். அந்தக் கையை இன்றைக்குத்தான் ஸ்ரீரஞ்சனி கவனித்தாள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதிதி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

“பரிகாசம் பண்ணணும்னு பண்ணலை தர்ஷினி...”

“தெரியும் மேடம். ஆனா அவளுக்கு அது எப்படித் தெரியும்?”

தர்ஷினி மெதுவாகத்தான் சொன்னாள். ஸ்ரீரஞ்சனிக்கு முகம் எரிந்தது. கேமராவை அணைத்துவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம், அந்த வீடியோவை அழித்துவிடும்படி குழுவில் எழுதினாள். “ஏன் மன்னி? க்யூட்டாதானே இருக்கு!” என்று மைத்துனன் ஷ்ரேயாஸ் சிரிக்கும் பொம்மைகளோடு பதில் போட்டான். காரணம் சொல்லவே கூசியது. அடித்து அடித்து அழித்து, கடைசியில் எழுதினாள்: “அவ பேசறதைப் பாத்து நான் சிரிச்சேன். அதனால அவ பேசறதையே நிறுத்திட்டா.”

ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள். அதிதி மறுபடி மேஜைக்கு அடியில்தான் இருந்தாள்.

மேஜைக்கு அருகில் குனிந்து, “அம்மா பண்ணினது தப்புடா. இனிமே சிரிக்கவே மாட்டேன்” என்றாள்.

அதிதி யோசித்தாள். “நீ இருந்தா நான் பேச மாட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை லேப்டாப்பை உள்ளறையில் வைத்துக் கொடுத்துவிட்டு ஸ்ரீரஞ்சனி ஹாலில் உட்கார்ந்தாள். “தலையை மேல தூக்கிக்கோ, தண்ணிய தொண்டையில நிறுத்து, கொப்புளி. ‘க’வும் அங்கேர்ந்துதான் வரும்” என்று உள்ளே தர்ஷினியின் குரல். தொடர்ந்து களகளவென்ற சத்தம், இருமல், அதிதியின் சிரிப்பு. எழுந்து போய்ப் பார்க்கத் துடித்தது. போகவில்லை.

தண்ணீர் தீர்ந்து அதிதி வெளியே வந்தாள். டம்ளரை நிரப்பி இரண்டு கையாலும் பிடித்தபடி சிந்தாமல் உள்ளே போனவள், வாசலில் திரும்பினாள்.

“அம்மா, ததவ சாத்து.”

ஸ்ரீரஞ்சனி திருத்தவில்லை. எழுந்து போய்ச் சத்தமில்லாமல் சாத்தினாள்.