குடல் கேட்காத கேள்வி

மனிதன் எதை உண்கிறான் என்று கேட்க ஆயிரம் பேர் உண்டு. உண்டது உள்ளே போய் என்னவாயிற்று என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவள் அந்த வீட்டின் இளைய மருமகள். குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களை ஆராயும் கூடத்தில் அவளுக்கு வேலை. கையுறை, முகக்கவசம், காற்றை உறிஞ்சிக்கொள்ளும் கண்ணாடி மேசை, மூடியிலேயே சிறு கரண்டி பொருத்திய மலமாதிரிக் குப்பிகள் ஆகியவற்றின் நடுவே அவளுடைய பகல் கழியும். வேலை முடிந்தால் அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் புறப்படுவாள்.

அப்படிக் குளித்து வந்தவளுக்குத்தான் வீட்டில் தனித் தட்டு, தனிக் குவளை!

தட்டு மற்றத் தட்டுகளைப் போன்றதே. விளிம்பில் மட்டும் நகப்பூச்சால் இட்ட ஒரு சிவப்புப் புள்ளி. மற்றவை அடுக்கில் அமர்ந்திருக்கும். இது கழுவுதொட்டிக்குக் கீழே, தரை துடைக்கும் துணிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். சமையலறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது. "நாள் பூரா எதைக் கிளர்றாளோ, அந்தக் கையாலேயே சட்டியையும் கிளறணுமா?" என்பது மாமியாரின் வாதம். கணவன் படித்தவன். வெளியே நாலு பேர் கூடினால் சமத்துவம் பேசுவான். சாப்பாட்டு மேசையில் மட்டும் அவனுக்கு வாய் அடைத்துவிடும். "விடேன், அம்மா சுபாவம் அப்படி" என்பான்.

அந்த அம்மாவுக்குத்தான் நோய் வந்தது. மார்புச்சளிக்குக் கொடுத்த மருந்து, கெட்ட கிருமிகளோடு குடலின் நல்ல கிருமிகளையும் கொன்று தீர்த்தது. ஆளில்லாத வீட்டில் அடாவடிக்காரன் புகுந்ததுபோல் ஒரு பொல்லாத கிருமி அங்கே குடியேறியது. ஓயாத பேதி. மருந்து கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் மீண்டும் வரும். மாமியார் துரும்பாய் இளைத்துப் படுக்கையோடு படுக்கையானார்.

குடல் மருத்துவர் மகன்கள் இருவரையும் அழைத்துச் சொன்னார்: "இதுக்கு ஒரே வழிதான் பாக்கி. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தை உப்புநீர்ல கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா உங்கம்மா பெருங்குடல்ல விடணும். அதுல இருக்கற நல்ல கிருமிங்க மறுபடி குடியேறிடும்."

"என்ன டாக்டர், விளையாடறீங்களா?" என்றான் மூத்தவன்.

"இல்லையே. முதல்ல வீட்டு ஆளுங்களைத்தான் கேப்போம். நீங்க குடுக்கறீங்களா?"

அம்மாவுக்காக உயிரையே கொடுப்பேன் என்று முந்தின நாள் கதறியவன், "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்று எழுந்து போனான். உயிரைக் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பான்! இளையவன் பல்வலிக்கு அப்போதுதான் கிருமிக்கொல்லி மருந்து விழுங்கியிருந்தான், அவனுடையது உதவாது.

மிஞ்சியது மருமகளின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வங்கி. நல்ல மலத்தைக் கரைத்து, பைகளில் உறையவைத்துச் சேமிக்கும் இடம் அது. வெளியாட்கள் அங்கே வந்து கொடுப்பது அரிது. வருகிறவர்களிலும் பெரும்பாலோர் சோதனையில் தேறுவதில்லை. ஆகவே பணியாளர்களே கொடுப்பது அங்கே வழக்கம். எந்தச் சோதனையிலும் தவறாத மருமகளுக்குத் 'தங்கச் சுரங்கம்' என்று பட்டப்பெயர். "என்னம்மா, சுரங்கம் இன்னிக்குத் திறந்திருக்கா?" என்று கூடத்தின் தலைவரே சிரிப்பார். கொடுத்தவரின் இரண்டாம் இரத்தச் சோதனை தேறும்வரை பைகள் பூட்டில் இருக்கும். அந்த வாரம் பூட்டுக்கு வெளியே இருந்தவை சுரங்கத்தின் பைகள் மட்டுமே.

அவள் அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"இப்ப அம்மாகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா வேண்டாம்னுடுவாங்க. அப்புறம் அவங்களைப் பார்க்கவே முடியாது."

"குணமானப்புறம்?"

"நானே சொல்றேன். எல்லாரையும் வெச்சுக்கிட்டுச் சொல்றேன். உன் தட்டை என் கையால எடுத்து அடுக்குல வைக்கறேன். போதுமா?"

போதும். அவள் மாலை மரியாதை கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு இருக்க வேண்டும், அவ்வளவே. மருமகள் சொன்னால் அது வாயாடித்தனம். மகன் சொன்னால் நியாயம். அந்த வீட்டின் சட்டம் அது.

சம்மதக் கையெழுத்து வாங்கும்போது மாமியார் அவளைக் கட்டிலருகே அழைத்தார்.

"பேரு சொல்லக்கூடாதாமே, வேண்டாம். ஆளு எப்படி? நல்ல குடும்பமா? சுத்தபத்தமா இருக்கறவங்களா? உன் வேலை இடத்துலேருந்துதானே வருது, உனக்குத் தெரியுமில்ல, சொல்லு."

பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "ரொம்பச் சுத்தம், அத்தை. வேலை முடிஞ்சா குளிக்காம வீட்டுக்குள்ளே வரமாட்டாங்க. தனித் தட்டுலதான் சாப்பாடு. அவங்க குவளையை வேற யாரும் தொடவே மாட்டாங்க."

வாடிய முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! இந்தக் காலத்துல இப்படியும் ஒருத்தரா! குடு பேனாவை."

கட்டிலின் காலடியில் நின்ற கணவன் சன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகத் தேடினான்.

குழாய் உள்ளே போனது. நல்ல குடும்பமா என்று குடல் கேட்டதா? கழுவுதொட்டிக்குக் கீழிருந்து வந்தாயா, அடுக்கிலிருந்து வந்தாயா என்று விசாரித்ததா? வந்தவர்களை வாரி அணைத்துக்கொண்டது. பேதி நின்றது. பசி திரும்பியது. மனிதருக்குள் இருக்கும் இருட்டுக் குழாய்க்கு உள்ள பெருந்தன்மை, மனிதருக்குத்தான் வாய்க்கவில்லை!

வீடு திரும்பிய மாமியார், குடும்பமே கூடியிருந்த மேசையில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

"எந்த மகராசியோ! என் வயித்துக்குள்ள தெய்வமா வந்து உக்காந்திருக்கா" என்றவர், வாசற்படியோரம் தனித் தட்டோடு இருந்த மருமகள் பக்கம் திரும்பினார். "நீயும்தான் இருக்கியே! அந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்துக் கத்துக்க."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏங்க, ஏதோ சொல்றேன்னீங்களே."

"இப்ப என்ன அவசரம்?"

"அப்ப நானே சொல்லிடறேன். அத்தை, அந்த மகராசி நான்தான். உங்க வயித்துல இருக்கறது என்னோடது."

மூத்த மருமகள் கையிலிருந்த கரண்டி நழுவியது. மாமியார் வாயிலிருந்த கவளத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"டேய், இவ என்னடா சொல்றா? நிஜமா?"

ஒரே ஒரு சொல். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லுக்கு அவன் நாக்கு புரள வேண்டும்.

"அட, சும்மா சொல்றாம்மா. உன்னைச் சீண்டிப் பார்க்கறா. நீ சாப்பிடு."

கவளம் இறங்கியது. "அதானே பார்த்தேன்! இவளோடதா இருந்தா என் வயிறு ஏத்துக்குமா?"

மேசை முழுதும் சிரித்தது. மருமகள் அழவில்லை. உண்டு முடித்தாள், தட்டைக் கழுவினாள், யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் நுழைந்து, அடுக்கில் எல்லாத் தட்டுகளுக்கும் மேலே ஈரம் சொட்டச் சொட்ட அதை வைத்தாள்.

"நீங்க வைக்கறேன்னீங்க, நான் வெச்சுட்டேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

அன்று மாலை அவள் திரும்பியபோது, அடுக்கிலிருந்த தட்டுகள் அத்தனையும் இறக்கிக் கழுவப்பட்டுக்கொண்டிருந்தன. சிவப்புப் புள்ளித் தட்டு மட்டும் தொட்டிக்குக் கீழே, பழைய இடத்தில். கழுவியவர் மாமியார். மூத்த மருமகள் எத்தனை கெஞ்சியும் விட்டுக்கொடுக்கவில்லை. நோயில் கிடந்தபோது குவளைத் தண்ணீரைத் தூக்க நடுங்கிய அதே கைகள் ஒவ்வொரு தட்டையும் பற்றிப் பற்றி, அழுத்தி அழுத்தித் தேய்த்தன. அவ்வளவு தெம்பு வந்திருந்தது அவருக்கு.