கரித்தோணியில் இரண்டு டின்கள்

ஜெரஜாக் தீவுக்கு எதிரே நின்ற கரித்தோணியில், நோய் கண்ட தோணி என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் கொடி ஏற்றியிருந்தார்கள். வடக்கே பினாங்குப் பட்டணம் வெளிர்நீலமாக, பாதிக் கனவுபோலத் தெரிந்தது. அங்கே கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால்தான் ருக்கையாவின் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு அவளைத் தன் தோணியிலேயே ஏற்றிவந்தான், அதை ஓட்டும் தண்டலான அவள் கணவன் யூசுப். வழியில் கூலியாள் அலாவுதீனுக்கு வாந்திபேதி கண்டது. சுகாதாரப் படகு அவனைத் தீவுக் கொட்டகைக்குக் கொண்டுபோயிற்று. வேறு யாருக்கும் நோய் வராவிட்டால்தான் தோணியை விடுவார்கள்.

கழிவைக் கடலில் கொட்டக்கூடாது என்று உத்தரவு. யூசுப் சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு டின்களை வைத்தான்.

"மொத டின்னுல ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது. போனதும் கரித்தூள், சுண்ணாம்பு, மூடி. கழுவுறதுக்கு அந்தாண்ட நகந்து ரெண்டாவது டின்."

"ராசாவுக்குக்கூட ஒரு சிம்மாசனந்தான், தண்டல்" என்றான் மிச்சமிருந்த கூலியாள் சீனி முகம்மது. "நமக்கு ரெண்டு!"

"வாய மூடிட்டுக் கரியப் போடுறா."

கரி ஈரத்தையெல்லாம் குடித்தது. நாற்றமே இல்லை. சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று யூசுப்புக்கு நம்பிக்கை வந்திருந்தது.

ஆனால் நிறைமாத வயிற்றோடு ருக்கையாவால் குந்தியபடி நகர முடியவில்லை. யூசுப்பைத் துணைக்குக் கூப்பிடலாமென்றால் திரைக்கு அப்பால் சீனி முகம்மது இருக்கிறானே என்று வெட்கம். தண்ணீரால் கழுவாமல் எழுந்திருக்கவும் மனம் ஒப்பவில்லை. இருந்த இடத்திலேயே கழுவிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மேலே அவள் தூவிய கரித்தூள் மூடியிருக்க, உள்ளே கரி சேறாகிப் புளித்தது.

ஒரு மத்தியானம் ஆண்கள் தூங்கும்போது ஒரு கப்பல் கடந்துபோனது. அலையில் டின் சாய்ந்து, கறுப்புச் சேறு குடிதண்ணீர்ப் பானைவரை ஓடிற்று. தண்ணீர் மொள்ளும் சிரட்டை அந்தச் சேற்றில் கிடந்தது. ருக்கையா சாக்கால் தரையைத் துடைத்தாள். சிரட்டையைப் பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று முறை கடல்நீரில் கழுவினாள். மூன்று முறை கழுவினால் சுத்தம் என்றே அவள் வளர்ந்திருந்தாள். சிரட்டையைப் பானைமேல் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு எல்லோரும் அதில் குடித்தார்கள்.

அவளுக்குத்தான் முதலில் வாந்திபேதி கண்டது. காலையில் டின்னைத் திறந்த யூசுப் கரி சேறாகிக் கிடப்பதைக் கண்டான்.

"தண்ணி ஊத்துனியா, புள்ள?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் அவள் கால்களைத் தேய்த்துவிட்டான். குளிர்ந்திருந்தன.

"என்னங்க, புள்ள அசையலங்க."

சுகாதாரப் படகு வந்தது. அதிலிருந்த சிப்பந்தி பிச்சைமுத்து கத்தினான்: "டாக்டர் துவான் கேக்குறாரு, இன்னும் யாருக்காச்சும் இருக்கா?"

யூசுப்புக்கு ஒன்றுமில்லை. "எனக்குந்தான், அண்ணே. வயிறு பிடுங்குது. ரெண்டு பேரையும் ஏத்திக்கிங்க."

"பொய் சொல்லாத, தம்பி. பொண்டாட்டிகூட இருக்கலாம்னு பாக்குறியா? ஆம்பளக் கொட்டகை வேற. நடுவுல வேலி."

"ஏத்திக்கிங்க, அண்ணே."

பிச்சைமுத்து கயிற்றை வீசினான். சீனி முகம்மது ருக்கையாவைத் தூக்கிக் கொடுத்தான். தீவை நெருங்கும்போது யூசுப்பின் வயிறு உண்மையாகவே முறுக்கிக்கொண்டது. அவள் தலை அவன் மடியில் இருந்தது. அவளிடம் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

துறையில் அவளை இடப்பக்கமும் அவனை வலப்பக்கமும் கொண்டுபோனார்கள்.