சாமி வராத மத்தியானம்

வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காதை மட்டும் என்னிடம் கொடுங்கள். சாமி வராத ஒரு மத்தியானத்தின் கதையைச் சொல்கிறேன். நெஞ்சு அடைக்கிற இடம் ஒன்று வரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

நாகமலைக்கு மேற்கே ஓர் ஊர். எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அந்த ஊர்க்காரன் சிவனாண்டி. செல்லூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவான். வீட்டில் அவன் பெண்சாதி ஒச்சாயி. சொத்து என்றால் அரை ஏக்கர் வயல்.

ஊரில் அவனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எல்லையில் இருக்கும் கருப்பசாமிக்கு அவன்தான் சாமியாடி. அவன் அப்பா செத்த வருஷம், மாசிச் சிவராத்திரியில் உருமி மேளம் முழங்கும்போது அவன் மேல் சாமி இறங்கியது. எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், "நெறஞ்ச கெணத்துல முங்குற மாதிரி. முங்குனது தெரியும், மேல வந்தது தெரியும். நடுவுல ஒண்ணுமே தெரியாது" என்றான்.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனான். சாராயத்தை விட்டான். கெட்ட வார்த்தையை விட்டான். ஒரு நாள் பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் இவன் பக்கமே வரவில்லை. இறங்கிய பிறகு முன்வாசலுக்கு ஓடிப்போய்ச் சில்லறையை நீட்டினான்.

"யோவ், எறங்குன பெறகு டிக்கெட் கேக்குற ஆளு இந்த ரூட்டுலயே நீ ஒருத்தன்தான்யா. ஒனக்குக் குடுத்தா என்னையில்ல பைத்தியம்னுவாய்ங்க" என்றார் கண்டக்டர்.

"கருப்பசாமி பேரச் சொல்ற வாயிண்ணே இது. கள்ளத்தனம் பண்ணிட்டு அதே வாயால அவன் பேரைச் சொல்ல முடியாதுல்ல" என்றான் சிவனாண்டி. பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் ஊரில் அந்தப் பேச்சு பரவி, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது.

அந்த நல்ல பேர்தான் அவனை இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு வியாழக்கிழமை செல்லூரில் டீ குடிக்க வெளியே வந்தான். சந்து முனையில் பழைய இரும்புக் கடை. அதன் வாசலில் ஒச்சாயியின் தம்பி சங்கிலி, மூன்று சக்கர வண்டியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். சாக்கு விலகிய இடத்தில் பச்சை வண்ணம் பூசிய மோட்டார். அதன் மேல் தாரால் போட்ட ஒரு சூலம்.

"என்ன மாப்ள, இங்க?"

"மேலூர்க்காரர் ஒருத்தரோடது மச்சான். மோட்டார்க் காயில் எரிஞ்சுபோச்சாம். நீங்க போங்க, டீ ஆறிரும்."

சூலம் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சிவனாண்டி தறிக்குத் திரும்பிவிட்டான்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தால், வாசலில் உக்கிரபாண்டி காத்திருந்தார். கிணறும் நெல்வயலும் உள்ள பெரிய சம்சாரி. தன் கலப்பையிலிருந்து கட்டில் கால் வரைக்கும் தாரால் சூலம் போட்டு வைக்கிறவர்.

"என் கெணத்து மோட்டாரக் களவாண்டுட்டாய்ங்கப்பா. நாலஞ்சு நாள் தண்ணியில்லேன்னா கருது கருகிரும். போலீசுக்குப் போகச் சொல்றாய்ங்க. நான் போகமாட்டேன். அங்க அடிப்பாய்ங்க. அடிச்சா எவனும் எதையும் ஒத்துக்குவான். எனக்கு நெசம் வேணும். நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு உருமி சொல்லியாச்சு. நீ குளிச்சு முழுகி விரதமா வந்து நில்லு. சாமி சொல்லட்டும்."

சிவனாண்டிக்குச் செல்லூரில் பார்த்த சூலம் ஞாபகத்துக்கு வந்தது. "யாரு மேலண்ணே சந்தேகம்?"

"சோலைதான். காவலுக்கு இருந்தவன் அவன். அன்னிக்கினு பாத்து அங்க இல்ல. புள்ளைக்குக் காச்சல்னு டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனானாம். சாமி மட்டும் அவன் பேரச் சொல்லட்டும், குடும்பத்தோட பொழுது சாயுறதுக்குள்ள ஊர விட்டுப் போயிரணும்."

சோலை தெற்குத் தெருக்காரன். நிலமில்லாதவன். உக்கிரபாண்டியின் கிணற்றடியே கதி என்று கிடந்தவன்.

செல்லூரில் பார்த்ததைச் சொல்ல சிவனாண்டி வாயைத் திறந்தான். நிலைப்படிக்குள் ஒச்சாயி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பெரியவர் போன பிறகு வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து சங்கிலி வந்தான்.

"ஏண்டா இப்படிப் பண்ணுன?"

"அக்கா நம்ம வயலுக்கு ஒரு நடை தண்ணி கேட்டு அவரு வாசல்ல போயி நின்னுச்சு மச்சான். வீட்டுல சாமியாடிய வச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்கு வார, ஒம் புருசன ஆடச் சொல்லு, மழை பேயும்னு சொன்னாரு. அம்புட்டுப் பேரு முன்னால. எனக்குத் தாங்கல. அவரு வயலும் காயட்டும்னு தூக்கிட்டேன்."

"சரி, திருப்பிக் கொண்டாந்து வச்சுரு."

"பிரிச்சுச் செம்புக்கம்பிய உருவிட்டாய்ங்க."

ஒச்சாயி கணவனின் காலடியில் உட்கார்ந்தாள். "ஆத்தா செத்தப்ப இவனுக்கு ரெண்டு வயசு. என் இடுப்புல வளந்த பய. தெரிஞ்சா கைகால முறிச்சுப் போடுவாய்ங்க. நான் சோலை பேரச் சொல்லச் சொல்லல. அந்தப் பாவம் நமக்கு வேணாம். கெழக்க இருந்து வந்த வெளியூர்க் களவாணி, பொருள் கையத் தாண்டிருச்சுன்னு சொல்லிரு. சோலையும் தப்பிச்சுருவான், இவனும் தப்பிச்சுருவான். யாருக்கு என்ன சேதம்?"

மறைப்பானேன், அந்த யோசனை சிவனாண்டிக்கும் பிடித்திருந்தது. திண்பண்டத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மனசு அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கருப்பசாமி பொட்டலில் கால் வைக்க முடியாத சூடு. ஊரே கூடி நின்றது. சோலையை வேப்பமரத்தடியில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் பெண்சாதி ராமக்காள், காய்ச்சல் விட்டும் தலை நிற்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூரத்தில் தனியாக நின்றாள். சங்கிலி புளியமரத்தோரம், பார்ப்பவர்களோடு பார்ப்பவனாக.

பூசாரி அழகுமலை மாலையைப் போட்டு, வீச்சரிவாளைக் கையில் கொடுத்தார். உருமி உறுமத் தொடங்கியது.

சிவனாண்டி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். கிணறு வரவில்லை. முங்கவில்லை. எல்லாம் துல்லியமாகக் கேட்டது. ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது, யாரோ இருமினார்கள், தன் நெஞ்சு அடித்தது. வா கருப்பா என்று உள்ளுக்குள் கெஞ்சினான். நீ வந்துவிட்டால் சொல்வது நீ, என் மேல் பழி இல்லை. சாமி வரவில்லை.

உருமி வேகம் பிடித்தது. பூசாரி சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேரே பிடித்தார். இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிற்பது? என்ன சொல்வது? நினைக்க நினைக்க முழங்கால் ஆடியது. கை ஆடியது. அரிவாளில் கட்டிய மணி கலகலவென்று நடுங்கியது. பல்லோடு பல் மோதியது.

"வந்துட்டான்டா கருப்பன்" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஒச்சாயி மட்டும் போடவில்லை.

சிவனாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னுடைய பயத்தை இத்தனை பேரும் சாமி என்று கும்பிடுகிறார்கள். வாயைத் திறந்தால் போதும். எதைச் சொன்னாலும் அது கருப்பசாமி சொன்னது.

உக்கிரபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "சொல்லு சாமி. களவாண்டது யாரு?"

வெளியூர்க்காரன் என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சோலை, இரண்டு பக்கமும் இருந்தவர்களை உதறிவிட்டு ஓடி வந்து மண்ணில் விழுந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. சிரிப்பு இருந்தது. சுடுகிற மண்ணில் கன்னம் பட, "வந்துட்டியா கருப்பா. நீ வந்தாப் போதும்னு காலையிலருந்து கெடக்கேன். இவுக யாரும் என்னைய நம்பல. ஒனக்குத் தெரியும்ல. நீயே சொல்லு, எதுன்னாலும் கேட்டுக்கிறேன்" என்றான்.

சிவனாண்டி அவனைக் குனிந்து பார்த்தான். இந்த ஊரில் அவனைவிடக் கருப்பசாமியை நம்பியவர் யாருமில்லை. அவன் கும்பிட்டுக் கிடக்கும் இடத்தில் நிற்பது ஒரு பயந்தாங்கொள்ளி. இப்போது சொல்லப்போகும் பொய் யாரையும் குத்தாதுதான். ஆனால் நாளைக்கு இதே வாயில் நிஜமாகவே சாமி வந்து பேசினால், அதற்கு என்ன மதிப்பு?

"உருமிய நிறுத்துங்க" என்றான்.

"சாமி நிறுத்தச் சொல்லுது" என்றார் பூசாரி.

"சாமி இல்ல. சிவனாண்டி சொல்றேன். சாமி வரல. பயத்துல நடுங்குறேன், அம்புட்டுத்தான்."

மேளம் நின்றது.

"ஆடி முடிச்சுட்டு வரலேங்குற? வெளையாடுறியா?" என்று ஒரு இளவட்டம் கத்தினான்.

சிவனாண்டி மாலையைக் கழற்றினான். அரிவாளைச் சாமியின் காலடியில் வைத்தான். வெறுங்கையோடு திரும்பி நின்றான். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. "மோட்டார எடுத்தது என் மச்சினன் சங்கிலி. வியாழக்கிழமை செல்லூர்ல இரும்புக் கடையில எறக்குனதக் கண்ணால பாத்தேன். நேத்தே அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் குத்தம். சோலைக்கு ஒண்ணும் தெரியாது."

உக்கிரபாண்டியின் குரல் தடித்தது. "இது கருப்பன் சொல்றதா, நீ சொல்றதா?"

"நான்தாண்ணே. கருப்பன் சொன்னதா நெனச்சு யாரும் கும்பிட வேணாம். பொய்யின்னா என்னையப் புடிங்க. கடையக் காட்டுறேன், நாளைக்கே வாங்க."

எல்லாத் தலையும் புளியமரத்துப் பக்கம் திரும்பியது. சங்கிலி ஓட எத்தனித்தான். அவனுக்கு முன்னால் ஒச்சாயி போய் நின்றுவிட்டாள். தம்பியின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. "வாடா. வந்து நீயே சொல்லு" என்று நடத்திக் கூட்டிவந்தாள்.

இரண்டு பேர் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். சிவனாண்டி நடுவில் விழுந்தான். முதல் அடி அவன் காதோடு விழுந்தது. "அவன் செஞ்சதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. இங்க வச்சு அடிக்காதீங்க" என்றான், காதைப் பொத்திக்கொண்டே.

சங்கிலி தலையைக் குனிந்தபடி ஒத்துக்கொண்டான். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னான். உக்கிரபாண்டி வாசலில் நின்று சொன்ன சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னான். பெரியவர் ஒச்சாயியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கைய எறக்குங்கடா" என்றார். "டேய் சங்கிலி, பரண் மேல மாடு கட்டித் தண்ணி எறைக்கிற பழைய கமலை கெடக்கு. வேற மோட்டார் வர்ற வரைக்கும் ரெண்டு மாட்டோட நீயும் ஒரு மாடா நின்னு தண்ணி எறை. ஒரு கருது காஞ்சாலும் அன்னிக்கு இருக்கு ஒனக்கு." சோலையிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது. கீழே கிடந்த அவனுடைய துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, கையில் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சாமியாடியே சாமி வரவில்லை என்று சொன்னால் அப்புறம் எதை நம்புவது என்று சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

சிவனாண்டி பூசாரியிடம் சொன்னான்: "இனிமே அரிவாள வேற ஆளுக்குக் குடுங்க. நேத்து ராத்திரி முழுக்க அவன் பேரால பொய் சொல்ல நெனச்ச ஆளு நான்."

அழகுமலை விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

ராமக்காள் அதுவரைக்கும் அதே இடத்தில் நின்றிருந்தாள். இப்போது மெதுவாகக் கிட்டே வந்து, பிள்ளையின் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். "காச்சக்காரப் புள்ள. துன்னூறு பூசிவிடுங்க சாமி."

"நான் இப்ப சாமி இல்லையேம்மா. பூசாரி வருவாரு, இரு."

"தெரிஞ்சுதான் கேக்குறேன். நீங்களே பூசுங்க."

தெற்குத் தெருக்காரர்களுக்குத் தொடாமல் எட்டி நின்று கையில் போடுவதுதான் வழக்கம். சிவனாண்டி ஒரு சிட்டிகை எடுத்து, பிள்ளையின் நெற்றியில் தன் விரலாலேயே பூசினான். பூசி முடித்த பிறகுதான் கவனித்தான், கை நடுங்கவில்லை.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கிணற்றில் ஊற்று வற்றாமல் இருக்கட்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை எழுந்து ஓடட்டும். நீங்கள் கும்பிடுகிற சாமி எதுவானாலும், உங்கள் வீட்டு ஆட்களைப் பார்த்தே அதன் பேரை நாலு பேர் நல்லபடியாகச் சொல்லட்டும். போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.