சாந்துக் காப்பி

...அதெல்லாம் முடியாது, வீட்டில் போட்டுக் கொடுத்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும், நடக்கிறதுதான், எத்தனை மாடிக்குச் செங்கல் சுமந்த கால் இது, தெரு முக்கு வரை போய் ஒரு தூக்குவாளிக் காப்பி வாங்கிவர வலிக்கவா போகிறது... யூனிஸ் வாளியின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினாள். உள்ளே கட்டிலில் கிடந்த மாமியார் ஜெமிமா ஏதோ சொல்ல வாயைக் கோணினாள். போன கிறிஸ்துமசுக்கு மறுநாள் விழுந்தவள், இடது கையும் காலும் போய்விட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, இப்போது ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் ஒரு வண்டி மணலை இறக்கிவிடலாம். "ஏட்டி... இன்னைக்கு..." என்று நல்ல கையைத் தூக்கி ஆட்டினாள். இன்னைக்கு என்ன, என்றைக்கும் உள்ளதுதானே, முதுகு வலிக்கும், ஃபேனைக் குறைக்கச் சொல்வாள், ஜெப புத்தகத்தைத் தலைமாட்டில் வைக்கச் சொல்வாள்... "வந்து பேசிக்கிடலாம் அத்த, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு யூனிஸ் தெருவில் இறங்கிவிட்டாள்.

வாளியை ஆட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், அதுதான் முக்கியம், நாலு பேர் கண்ணில் படும்படி, இதே வாளி, இதே கைப்பிடி, இதை ஆட்டிக்கொண்டுதானே இந்தக் கிழவி விடியற்காலம் தோறும் சமாதானபுரத்துத் தெருவில் ஊர்வலம் போனாள், பள்ளிக்கூடத்து ஆயா என்று பெயர், வெள்ளைச் சேலை, சலவை மடிப்பு, என்னமோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அவள்தான் பெரிய டீச்சர் மாதிரி. என்ன ஜெமிமா, மருமவதான் வந்தாச்சே, வீட்டுல காப்பி கெடையாதா என்று தெருவில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும் என்றுதானே அவள் அவ்வளவு பைய நடப்பாள், "அவ போடுதது காப்பியா? சாந்துல்லா கொழைக்கா!" என்பாள், அவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் யூனிஸின் காதுக்கு வந்து சேரும். இப்போது அதே வாசல்களிலிருந்து யூனிஸைக் கேட்கிறார்கள், ஏன் யூனிஸு, வீட்டுலயே ஒரு வாய் போட்டுக் குடுக்கலாம்லா என்று. கேட்கட்டும், நல்லாக் கேட்கட்டும். "எங்க அத்தைக்குக் கடைக் காப்பிதான் இறங்கும், நான் போட்டா ஆவாதுல்லா" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள், அதைச் சொல்லும்போது நாக்கில் ஒரு இனிப்பு ஊறும், அந்த இனிப்புக்காகவே இன்னும் பத்துத் தெரு நடக்கலாம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை... மறக்குமா? வீடு நிறையச் சொந்தக்காரர்கள், சீவலப்பேரியிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டிச் சிப்பத்தை உடைத்து, எல்லாருக்கும் முன்னால் எழுந்து, தெரியாத அடுப்பில், தெரியாத பாத்திரத்தில், பெரிய சட்டி நிறையக் காப்பி போட்டு, தட்டில் வைத்து முதல் டம்ளரை மாமியார் கையில் கொடுத்தாளே, என்ன ஒரு பயம், என்ன ஒரு ஆசை. ஜெமிமா ஒரு வாய் வாங்கினாள். எழுந்தாள். முற்றத்துக்குப் போய் முருங்கை மரத்து மூட்டில் துப்பினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கைப்பழக்கம் போவுமா? சித்தாள் கைல்லா, காப்பியும் சாந்தாத்தான் வருது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கிங்ஸ்டனும் சிரித்தான், மாப்பிள்ளை, முந்தின நாள்தான் சபைக்கு நடுவில் நின்று சுகத்திலும் துக்கத்திலும் என்று சொன்னவன், சிரித்துக்கொண்டே தன் டம்ளரைக் கீழே வைத்தான், குடிக்கவில்லை. கிழவி ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மண்டி இருந்தது, இல்லை என்று யார் சொன்னது, கருப்பட்டி என்றால் மண்டி இருக்கும்தான், பயத்தில் வடிகட்டாமல் கலக்கி ஊற்றிவிட்டாள், ஒரு வாய் மண்டிக்கு இத்தனை வருசமா? பிள்ளை பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, யம்மா, ஒன்னைய ஏன் எல்லாரும் சாந்துக் காப்பிங்காவ என்று கேட்டாளே, அன்றைக்குத்தான்... அன்றைக்குத்தான் உள்ளே ஏதோ இறுகியது, நல்ல சிமெண்ட் மாதிரி, தண்ணீர் விட்டதும் இறுகியது.

அந்த இறுக்கம்தான் கிழவி விழுந்த பிறகு வேலை செய்கிறது. மற்றதில் ஒரு குறை சொல்லச் சொல் பார்ப்போம், மலம் அள்ளுகிறாள், துணி துவைக்கிறாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுகிறாள், பவுடர் போட்டுத் தலை வாரி விடுகிறாள், ஜெபிக்க வருகிற சபைக்காரர்களே, ஜெமிமா ஆயா, ஒங்க மருமவ மாதிரி வராது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காப்பி ஒன்றுதான் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் கிழவி கேட்டாள், "யூனிஸு... ஒரு வாய்... நீ போட்டுத் தாயேன்... கடைக் காப்பி... ஆறிப் போவுது..." கேட்டாளே! அந்த வாயால், அந்தக் கோணிய வாயால். எவ்வளவு காலமாகக் காத்திருந்த வார்த்தை அது. "என் கை சாந்துக் கைல்லா அத்த, ஒங்களுக்கு ஒத்துக்கிடாது" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். திரும்பி வந்தபோது கிழவி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள், அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தினமும் பாதி டம்ளரோடு போதும் என்று கண்ணை மூடிக்கொள்வாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் காப்பி வாசமே கிடையாது, யூனிஸ் தனக்கும் போடுவதில்லை, வேலைத்தலத்தில் கொத்தனார் வாங்கித் தருகிறதுதான். கிங்ஸ்டன் ராத்திரி லோடு ஏற்றிப் போகும்போது மட்டும் பின்னால், வெந்நீர் போடுகிற விறகடுப்பில் போட்டு பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பாள், அந்த வாசம் உள்ளே வராது. ஒங்களுக்குள்ள என்ன எழவும்மா இது, ஒரு காப்பிக்கு என்று அவன் ஒருநாள் கேட்டான். நீரு அன்னைக்குக் குடிச்சிருந்தா இது இல்ல வே என்றாள். அவனுக்கு எந்த அன்றைக்கு என்றே தெரியவில்லை. சிரித்தவனுக்கு எப்படித் தெரியும்?

கடை பூட்டிக் கிடந்தது. அசன் மைதீன் பாய் கடை பூட்டிக் கிடக்குமா? பாய்லர் வெளியே இல்லை, பெஞ்சு உள்ளே போய்விட்டது, ஷட்டருக்கு முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. பக்கத்தில் தேய்ப்பு வண்டி போட்டிருக்கும் மணிராஜ் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே பல்லைக் காட்டினான். "என்ன சாந்துக் காப்பி, வாளியத் தூக்கிட்டு வந்தாச்சா? பாய் மவளுக்கு நிக்காஹ், எல்லாரும் மேலப்பாளையம் போயிட்டாவ. ஏன், ஒங்க வீட்டு அடுப்பு என்ன, நேர்ச்சைக்கு விட்டதா?"

"ஒம் பெட்டியில கரி கெடக்குல்லா, அள்ளி வாயில போடு."

"ஏ யப்பா, காலங்காத்தால அனலா வருது! சொல்லுததக் கேளு, பாய் வந்து..."

அவள் கேட்கவில்லை, திரும்பிவிட்டாள். மெயின் ரோட்டில் புதுக்கடை இருக்கிறது, காகிதக் கப்பில் ஊற்றுவான், பார்சல் என்றால் கவரில் கட்டிக் கொடுப்பான், அது வரை போய் வந்தால் பஸ் போய்விடும், கே.டி.சி. நகரில் இன்றைக்குக் காங்கிரீட், பிந்தினால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவான். காப்பி இல்லாமல் கிழவி மாத்திரை விழுங்க மாட்டாள், மாத்திரை போகாவிட்டால் பிரஷர் ஏறும், ஏறினால் இன்னொரு தடவை இழுக்கும்... இழுக்கட்டுமே... சீ, அப்படி இல்லை, இவள் இருக்க வேண்டும், இருந்து தினமும் அந்தக் கடைக் காப்பியைக் குடிக்க வேண்டும், செத்துப்போனால் யாருக்கு வாங்கிக் கொடுப்பது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போடலாம். போட்டு வாளியில் ஊற்றி, முன்வாசல் வழியாகச் செருப்புச் சத்தம் கேட்க வந்தால், கடைக் காப்பிதான். குடிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, சத்தமில்லாமல் விறகை வைத்தாள். தண்ணீர் கொதித்தது, பொடியைப் போட்டு இறக்கி மூடினாள், பிள்ளைகளுக்கு வாங்கின பாலைத் தனியாகக் காய்ச்சினாள், எல்லாம் கையே செய்துகொண்டு போனது, மனம் மணிராஜின் பல்லிலேயே கிடந்தது, என்றைக்காவது அவன் பெட்டியை எடுத்து அவன் வேட்டியிலேயே வைத்து... பார்த்தால் கருப்பட்டியை உடைத்துப் போட்டிருக்கிறாள். ஐயோ. பாய் கடையில் சீனி அல்லவா? கொட்டிவிட்டு மறுபடி போடப் பாலும் இல்லை, நேரமும் இல்லை. சரி, நாக்கும் இழுத்துக் கிடப்பவளுக்கு என்ன ருசி தெரியப்போகிறது... துணியை இரட்டையாக மடித்துப் பிடித்து வடிகட்டினாள், பூச்சு வேலைக்கு மணல் சலிக்கிற மாதிரி, ஒரு பொட்டு மண்டி இறங்காமல், நின்று, நிதானமாக. ஏன் இவ்வளவு நிதானம்? கடைக்காரன் இப்படியா வடிகட்டுவான்? கேள்வி வந்தது, பதிலுக்கு நிற்காமல் வாளியை மூடிக்கொண்டு சந்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள், செருப்பை வேண்டுமென்றே தட்டிக் கழற்றினாள்.

தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு டம்ளரை உதட்டில் வைத்தாள். முதல் வாய் பாதி கன்னத்தில் வழிந்தது, துடைத்தாள். இரண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவது. பாதியில் நிறுத்துவாள் என்று டம்ளரை எடுக்கப் போனால், நல்ல கை வந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள். உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திருடிவிட்டு நிற்கிற மாதிரி யூனிஸ் வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"பாயி... இன்னைக்குக்... கருப்பட்டி... போட்டிருக்கான் போலுக்கே" என்றாள் ஜெமிமா.

"இருக்கும்."

"நல்லாருக்கு."

நல்லாருக்கு. சொன்னாளா? சொன்னாள். என் காப்பியைக் குடித்துவிட்டு, என் கருப்பட்டியை, முருங்கை மூட்டில் துப்பிய அதே காப்பியைக் குடித்துவிட்டு, பாய் பெயருக்கு எழுதிவிட்டாள். வாயைத் திறந்து, நான் போட்டதுட்டி கிழவி, இந்தச் சாந்துக் கை போட்டது என்று கத்தலாம், கத்தினால் மூஞ்சி எப்படிப் போகும், பார்க்க வேண்டுமே அதை... ஆனால் கத்தினால் போட்டுக் கொடுத்தேன் என்று ஆகுமே, ஆனதுதானே தோல்வி, சொல்லாவிட்டாலோ அந்த ஒரு வார்த்தை, இத்தனை வருசத்துக்கு ஒரே ஒரு வார்த்தை, அது கடைக்காரனுக்குப் போய்விடுமே. கிழவியின் தலையைத் தோளிலிருந்து தலையணைக்கு இறக்கி வைத்தாள்.

"நாளைக்கும்... இதே மாதிரி... போடச் சொல்லு" என்றாள் ஜெமிமா, தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு. யூனிஸ் பக்கம் தெரிந்தது செத்துப்போன பாதி முகம், அது சிரிக்காது, அழாது. சிரிக்கக்கூடிய பாதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுதேன்" என்றாள்.

மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள், நல்லாருக்காம், பாய் போட்டதாம், நாளைக்கு பாய் கடைச் சீனிக் காப்பியைக் கொண்டு வந்து வைக்கிறேன், குடி, நேத்து மாதிரி இல்லையே என்று ஏங்கு, தினமும் ஏங்கு, இதை விட நல்ல தண்டனை எவள் கொடுப்பாள், கர்த்தரே பார்த்துக் கொடுத்த மாதிரி... பஸ் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. மணிராஜ் தேய்த்த சட்டையை மடித்தபடியே கத்தினான். "யூனிஸக்கா, காலையில சொல்ல வந்தேன், நீ நின்னாத்தான? நாளைக்கும் வாளியத் தூக்கிட்டு வந்துராத. பாய் மறுவீடெல்லாம் முடிச்சு நாளக்கழிச்சுதான் கடை தொறக்காரு. ஒங்க அத்தைட்ட ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டேன்னாரே, நீங்கள்லாம் கோயிலுக்குப் போயிருந்தப்ப நேர்ல வந்து. ஆத்தா ஒங்கிட்ட சொல்லலியா?"

பஸ்ஸில் ஏறிவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லலியா... ஏட்டி, இன்னைக்கு என்றாளே, கையை ஆட்டினாளே, அது, போகாதே, கடை கிடையாது என்றா? வீணாக நடக்காதே என்றா? நிற்காமல் வந்தது நான்தானே... தெரிந்திருக்கிறது. வாளியைப் பார்க்கும்போதே தெரிந்திருக்கிறது, செருப்பைத் தட்டிக் கழற்றும்போது தெரிந்திருக்கிறது, என் தோளில் சாய்ந்துகொண்டு, தெரிந்தே குடித்திருக்கிறாள், தெரிந்தே பாய் பெயரைச் சொல்லியிருக்கிறாள், நாளைக்கும் போடச் சொல்லு என்றாளே, நாளைக்குத்தான் கடையே இல்லையே, யாரிடம் போடச் சொன்னாள்? அது கேட்டதா, இல்லை கேட்காமலே வாங்கிக்கொண்டதா? ஜெயித்தது யார்? திருட்டுக் கிழவி, அந்தச் சுவர்ப்பக்கத்துப் பாதி முகத்தில் என்ன இருந்தது, எட்டிப் பார்த்திருக்கலாமே... முருகன்குறிச்சி தாண்டி பஸ் திரும்பியபோது சட்டென்று நினைவு வந்தது, பின்னால் அடுப்புப் பக்கத்தில் கருப்பட்டி டப்பாவை மூடாமல் வந்துவிட்டாள், எறும்பு ஏறிவிடும், வெயிலுக்கு இளகிவிடும், பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மூடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு...

நாளைக்கு என்ன?