முதுகு வசனம்

திரையில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றால் அவன் வாயில் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம் என்பது டப்பிங் தொழிலின் பாலபாடம். உதடு தெரியாத இடத்தில் உண்மை எது, பொய் எது? தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு எவனோ ஒரு குதிரைக்காரன் சிவனே என்று நடந்து போவான். டப்பிங்கில் அதே ஆள், "உன் குடலை உருவி என் குதிரைக்குக் கடிவாளம் போடல, நான் ஆம்பளையே இல்லடா!" என்று முழங்கிக்கொண்டே போவான். தொழிலில் இதற்கு முதுகு வசனம் என்று பெயர். முதுகு வசனத்தில் ரைட்டரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய அவர் இதுவரை பேசவைத்த முதுகுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மாநாடே நடத்தலாம்.

ஸ்டூடியோ அவருடைய தம்பியுடையது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. ஒரு அறையில் மைக். மற்றதில் தம்பியும் அவனுடைய பொத்தான்களும். சுவரெல்லாம் பழைய கம்பளி. கீழே டயருக்குக் காற்றடிக்கும்போது மேலே சண்டை நிறுத்தம் அமலுக்கு வரும். துப்பாக்கியை உருவிய வில்லன் உருவியபடியே காத்திருப்பான். மதுக்கடைக்காரி முதல் மாதாகோயில் சிறுமி வரை எல்லாப் பெண் குரலும் தம்பி மனைவியுடையது. குதிரை கனைத்தாலும் அவள்தான்.

ஆண் குரல் வெளியிலிருந்து வரும். அந்தக் குரலுக்குரியவரை எல்லாரும் 'இடி' என்பார்கள். முகத்துக்கு நேரே 'அண்ணே'. வெயில் கொளுத்தும்போதும் கழுத்தில் மப்ளர். அவர் தன் குரலைத் தன்னோடு வந்திருக்கும் ஒரு பெரிய மனிதரைப் போலத்தான் பேசுவார். "குரல் இன்னைக்குக் கொஞ்சம் களைப்பா இருக்கு. குரலுக்கு வெந்நீர் வேணுமாம்." வெந்நீரைக் குடிப்பதென்னவோ அவர்தான்.

ஞாயிறு மதியம் ஒளிபரப்பும் கௌபாய் படங்களை ஒரு சேனல் இவர்களிடம் கொடுத்திருந்தது. அந்தப் படங்களோடுதான் ரைட்டரம்மாவின் படமும் வந்து சேர்ந்தது. 'அவருடைய படம்' என்றால் அவர் எடுத்ததல்ல. கல்லூரி நாளில் ஒரு காலி தியேட்டரில், பாஷை புரியாமல், எதையும் இழக்காமல் பார்த்த படம். கதை ஒரு கைப்பிடிதான். வறண்ட ஊர், ஒரே கிணறு, அதற்கு வேலி போட்டுக் காவல் நிற்கும் பண்ணைக்காரன். தாகத்தில் சாகக் கிடக்கும் ஒரு குதிரையை நடத்திக்கொண்டு ஒருவன் வருகிறான். கடைசியில் இருவரும் கிணற்றின் இரு பக்கமும் நிற்கிறார்கள். நான்கு நிமிடம் ஒரு வார்த்தை கிடையாது, ஒரு தோட்டா கிடையாது. வந்தவன் முதுகைக் காட்டியபடி வாளியை இறக்குகிறான்.

அந்த நான்கு நிமிடத்துக்கு ரைட்டரம்மா ஒரு முழுத் தாள் ஒதுக்கி, அதன் நடுவில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: காற்று.

தாள் சேனலுக்குப் போனது. மறுநாளே நிகழ்ச்சித் தலைவர் நேரில் வந்துவிட்டார்.

நிகழ்ச்சித் தலைவர் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்து, மறுபடி ஏறிய பின்பும் முடிக்காதவர். 'மௌனம் மரணம்' என்று தாமே சொன்ன பொன்மொழியைத் தாமே கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் அறையில் தமக்கெதிரே மாட்டியிருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

"என்ன ரைட்டரம்மா, பேனாவுல மை தீந்து போச்சா?"

"இல்ல சார். அந்த ஆள் பேசல."

"முதுகைக் காட்டுறானே!"

"காட்டுறான். ஆனா பேசல."

"ரைட்டரம்மா, மூணு செகண்ட் சத்தம் வரலைன்னா மக்கள் டிவி ரிப்பேர்னு நினைச்சுத் தட்டுவாங்க. நாலு நிமிஷம் வரலைன்னா தூக்கி வெளிய போட்ருவாங்க. கௌபாய் படத்துல என்ன இருக்கு? டுமீல். ஒரு டுமீலுக்கும் அடுத்த டுமீலுக்கும் நடுவுல பஞ்ச். அவ்வளவுதான்."

தம்பிக்கு இது பொறுக்கவில்லை. "சத்தம்தான் சார் விஷயம். ஆனா டுமீல் இல்ல. பலகைத் தரையில ஒருத்தன் நடந்து வர்ற பூட்ஸ் சத்தத்த வச்சே அவன் கடன் கேக்க வர்றானா, கொலை பண்ண வர்றானான்னு நான் சொல்லிடுவேன்."

"குதிரைங்க," என்றாள் தம்பி மனைவி. "மொத்தப் படத்துலயும் நடிக்கிறோம்னு தெரியாம நடிக்கிற ஆள் அது ஒண்ணுதான். அதனாலதான் அது மட்டும் நல்லா நடிக்குது."

"கோட்டு," என்றார் இடி, மப்ளரைச் சரிசெய்துகொண்டு. "அந்த நீளக் கோட்டு மேல குரலுக்குத் தனி மரியாதை."

எல்லாரும் ரைட்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினார்.

"மத்த படத்துல ஹீரோ வந்தா வானத்தையே மறைச்சுக்கிட்டு நிப்பான் சார். இதுல வானம்தான் பெருசு. தூரத்துல எறும்பு மாதிரி ஒருத்தன் வருவான். அவன் கிட்ட வர்ற வரைக்கும் நாமளும் வெயில்ல நிக்கணும். சுடுறதுல என்ன இருக்கு, எவன் வேணா சுடுவான். சுடுவானா மாட்டானான்னு நாம மூச்சைப் புடிச்சிட்டு இருக்கோம் பாருங்க, படமே அங்கதான் இருக்கு. இந்தப் படத்துல அவன் ஜெயிக்கிறதே பேசாமதான். அவன் வாயத் தொறந்தா தோத்துட்டான்னு அர்த்தம்."

 நிகழ்ச்சித் தலைவர் மெய்சிலிர்த்துப் போனார்.

"பிரமாதம்! பிரமாதமா சொன்னீங்க! இதையே அவன் வாயில போட்ருங்க!"

தம்பி மனைவிக்குச் சிரிப்பு முட்டியது. குதிரை கனைப்பதுபோல் இருமிச் சமாளித்தாள். ரைட்டரம்மா சிரிக்கவில்லை. "இந்த ஒரு எடம் மட்டும் வேணாம் சார். மீதிப் படம் முழுக்க எத்தனை முதுகு இருக்கோ அத்தனையையும் பேச வச்சுத் தர்றேன்."

"நீங்க எழுதலைன்னா நான் எழுதறேன். அதுவும் புடிக்கலைன்னா சொல்லுங்க, மத்த படமெல்லாம் வேற ஸ்டூடியோவுக்குப் போகட்டும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். ஏதாவது சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

"எழுதிட்டு வாங்க சார்," என்றார் ரைட்டரம்மா.

நிகழ்ச்சித் தலைவர் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்றரைப் பக்கம். குளித்து, சென்ட் போட்டு, எழுத்தாளர் மாதிரி தாடையில் கைவைத்தபடி வந்து கண்ணாடிக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்தார். இடி தாளை வாங்கி வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"'நான் வந்தா புழுதி, நின்னா பூகம்பம்! இந்தக் கிணத்துல தண்ணி வரும், அதுக்கு முன்னாடி உன் கண்ணுல தண்ணி வரும்!' ஆகா! குரலுக்குத் தீனி சார் இது!"

"வேலிக்காரனுக்கும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கம்."

"அவனும் நான்தானே! குரல் குரலையே மிரட்டப் போகுது!"

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். டப்பிங்கில் படத்தை முழுசாக ஓட்டுவது கிடையாது. ஒரு வரிக்கு ஒரு துண்டு. துண்டை ஓட்டு, பேசு, அடுத்த துண்டு. இத்தனை கௌபாய்களுக்கு வாய் கொடுத்த இடி அண்ணன் ஒரு கௌபாய் படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. பிரியாணிக்கு உப்பு மட்டும் பார்க்கிறவர் மாதிரி. நிகழ்ச்சித் தலைவரோ விளம்பரத்துக்கு வெட்டிய அரை நிமிடத்துக்கு மேல் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. பார்க்கிற நேரத்தில் பேசலாமே!

தம்பி வழக்கம்போல் முதல் துண்டைத் தயார் செய்தான். சோபாவிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நிறுத்துங்க. துண்டெல்லாம் வேணாம். என் வசனம் ஆறு மாதிரி ஓடும். ஆத்தை யாராவது துண்டு போடுவாங்களா? மொத்தமா ஓட்டுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ரைட்டரம்மா எந்தத் தந்திரமும் யோசிக்கவில்லை. கெடப்போகிற காட்சியைக் கெடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது நாலு பேர் முழுசாகப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தார். "சார் சொல்றபடியே ஓட்டுடா," என்றவர், கீழே போய் டயர் கடைக்காரரிடம் கொஞ்ச நேரம் காற்றடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். தம்பி விளக்கை அணைத்தான்.

திரையில் வெள்ளை வெயில். ஓரத்தில் எறும்பாக ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால் தள்ளாடும் இன்னொரு எறும்பு, குதிரை. வேலிக்காரன் கிணற்றடியில் எழுந்து நின்றான். வந்தவன் கிணற்றை அடைந்து முதுகைக் காட்டினான். முதல் பஞ்சுக்கான இடம். இடி மைக்கை நெருங்கினார், தாளை உயர்த்தினார், மூச்சை இழுத்தார்.

இழுத்த மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

காற்று அடித்தது. வேலிக்காரனின் விரல் துப்பாக்கிப் பிடியில் ஒவ்வொன்றாக மடங்கியது. வந்தவன் அவனைப் பார்க்கவேயில்லை. கயிற்றைப் பிடித்தான். ராட்டினம் கிறீச்சிட்டது. குதிரையின் கண்ணில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. வாளி இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. துப்பாக்கி உறையிலிருந்து பாதி வெளியே வந்தது. வாளி தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு வேலிக்காரனின் தொண்டையும் ஏறி இறங்கியது. காவல் காத்தவனும் குடித்து வெகுநேரமாகியிருக்க வேண்டும். குதிரை வாளிக்குள் முகத்தை விட்டது. குடித்தது. துப்பாக்கி மெல்ல உறைக்குள் போனது.

திரை இருண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளக்கைப் போட வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியது.

"அண்ணே," என்றான் மைக்கில். "நீங்க பேசவே இல்லையே."

"எங்க பேசணும்?" என்றார் இடி, தூங்கி எழுந்தவர்போல.

"ஆரம்பத்துல. 'நான் வந்தா புழுதி.'"

"ஓ. மறுபடி ஓட்டு."

மறுபடி ஓடியது. இந்த முறை இடி தவறவிடவில்லை. முதுகு திரும்பியதும், "நான் வந்தா புழு..." என்று ஆரம்பித்தார். ஹெட்போனில் தன் குரல் தன் காதில் விழுந்தது. துக்க வீட்டில் செல்போன் பாட்டுப் பாடிவிட்ட ஆள்போல அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"குரல் மாட்டேங்குது சார்."

"குரல் என்னய்யா மாட்டேங்கறது? பேசுறது நீங்க!"

"அந்தக் குதிரை குடிக்கட்டும் சார். நடுவுல நான் பேசினா அதுக்குப் புரையேறும்."

"ரேட்டிங் விழுந்தா உங்க குதிரையா வந்து பதில் சொல்லும்? ஒருத்தன்கூட உக்காந்து பாக்க மாட்டான்!"

"நீங்க பாத்தீங்களே சார்," என்றாள் தம்பி மனைவி.

"நானா? நான் சும்மா வசனத்துக்காகக் காத்திருந்தேன்."

"உங்க போன் அடிச்சுது. நீங்களே அமுக்கினீங்க. மறுபடி அடிச்சுது, மடியில போட்டுக் குஷனால மூடினீங்க. டீயில ஆடை கட்டியிருக்கு, பாருங்க."

நிகழ்ச்சித் தலைவர் குனிந்து பார்த்தார். டீ அவரைக் காட்டிக்கொடுத்தது. வாயைத் திறந்தார், அவர் வரலாற்றில் முதன்முறையாக அங்கிருந்து எதுவும் வரவில்லை.

ஆளை இந்த இடத்தில் அடித்தால் விழுவார். ஆனால் விழுந்தவர் எழுந்ததும் படத்தை வேறு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போவார். இது ரைட்டரம்மாவுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க முதுகைக் காட்டியவர்களுக்கு வசனம் எழுதியவர், இப்போது எதிரே வாயடைத்து உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வசனம் எழுதினார்.

"நீங்க சரியாத்தான் சார் சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"துண்டு போடாதீங்க, மொத்தமா ஓட்டுங்கன்னு. நாங்க இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கோம், எங்களுக்குத் தோணலையே. உங்களால்தான் இந்த எடத்தோட அருமை தெரிஞ்சுது. வேற எந்தச் சேனலுக்கு சார் இந்தத் தைரியம் வரும்? 'பேச்சே இல்லாத நாலு நிமிஷம்'னு ஒரு விளம்பரம் போட்டா..."

"இருங்க." நிகழ்ச்சித் தலைவரின் கண்களில் மெல்ல வெளிச்சம் பரவியது. "'பேசப் பயப்படாத சேனல், முதன்முறையாகப் பேச மறுக்கிறது!' எப்படி?"

"பிரமாதம் சார்."

"இது ஆரம்பத்துலேர்ந்தே என் மனசுல இருந்தது. உங்க யாருக்கும் புரியலையேன்னுதான் வசனம் எழுதிக் காட்ட வேண்டியதாப் போச்சு."

தம்பி சட்டென்று குனிந்து ஏதோ ஒயரைத் தேடினான். அவன் முதுகு குலுங்கியது.

விளம்பரம் வாரம் முழுக்கச் சத்தமாக ஓடி, மௌனத்தின் பெருமையைக் காது கிழியச் சொன்னது. பேட்டி கொடுத்த இடி, "பேச எல்லாராலயும் முடியும். அந்த நாலு நிமிஷம் குரல் எப்படிப் பேசாம இருக்குன்னு பாருங்க, அதுக்கு எத்தனை வருஷப் பயிற்சி தெரியுமா?" என்றார். ரைட்டரம்மா அதையும் ரசித்தார். பங்கு போட எத்தனை பேர் வந்தாலும் சொத்து குறையாமல் இருந்தது.

ஞாயிறு மதியம் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு ஜன்னலில் பூட்ஸ் சத்தம், அடுத்த ஜன்னலில் தம்பி மனைவியின் கனைப்பு, மூன்றாவதில் இடியின் உறுமல். ஊரே அந்தப் படத்தைப் போட்டிருந்தது. நடக்க நடக்கப் பேச்சு குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றது. மாடியிலிருந்தும் கீழிருந்தும், சலூனிலிருந்தும் மருந்துக் கடையிலிருந்தும், ஒரே காற்று தெரு நீளத்துக்கும் வீசியது. நல்ல வெயிலில் ஓர் இலைகூட அசையாத தெருவில் பாலைவனத்துக் காற்று.

டிவி கடை வாசலில் ஒரு கூட்டம். அத்தனை பேரும் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஒருவர், காய்கறிப் பையை இறக்கி வைக்க மறந்த ஒரு பெண், வாய்க்குப் பாதி வழியில் டம்ளரோடு ஒருவர். உள்ளே வாளி இறங்கிக்கொண்டிருந்தது.

ரைட்டரம்மாவுக்கு நெஞ்சு பொங்கியது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது. பக்கத்திலிருந்த சைக்கிள்காரரின் காதருகில் குனிந்தார்.

"தம்பி, இந்த எடம் இருக்கே, இது நான்தான்..."

சைக்கிள்காரர் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"உஷ்! சும்மா இருங்கம்மா. குதிரை குடிக்கப் போகுது."

காய்கறிப் பைக்காரப் பெண் திரும்பி முறைத்தாள். ரைட்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்.