குட்டியின் முகமும் அக்காவின் வாயும்

“என்ன போட்டீங்க முகத்துல?”

“ஒரு கிரீம், சிஸ்டர்.”

“என்ன கிரீம்?”

“வெள்ளை டப்பா.”

“பேரு?”

“பேரு ஒண்ணும் போடலை. மூடி ரோஸ் கலர்.”

சிஸ்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பொது மருத்துவமனையின் தோல் பிரிவு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு, என்ன தொந்தரவு என்று சீட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்புவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே மேசை. முன்பெல்லாம் சொறி, சிரங்கு, படை என்று வருவார்கள். இப்போது நாலு பேரில் ஒருவர் தானே காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்ட முகத்தோடு வருகிறார். பேர் தெரியாத கிரீம், வீடியோ பார்த்துப் போட்ட ஊசி, தெருமுனை அழகு நிலையத்தில் அடித்த லேசர். கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மூடியின் நிறம் மட்டும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை போன் செய்தாள்.

“அக்கா, பிஸியா? ஒரே ஒரு கேள்விதான். லேசர் நல்லதா, பீல் நல்லதா?”

“எதுக்குடீ?”

“முகத்துக்குத்தான். தோலைப் புதுப்பிக்கறாங்களாம். இன்னொண்ணு இருக்கு, சின்னச் சின்ன ஊசியா குத்துவாங்களாம். மூணுல எதுன்னு குழப்பமா இருக்கு.”

“மூணும் வேண்டாம். வெயில்ல போகும்போது சன்ஸ்கிரீன் போடு. போனை வை.”

தங்கைக்கு நாற்பத்துமூன்று வயது. கல்லூரிக்குப் போகிற மகன் இருக்கிறான். இருந்தும் வீட்டில் அவளுக்கு இன்றும் ‘குட்டி’ என்றுதான் பெயர். ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. வருகிறவர்களுக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று பார்த்து, மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று கண்ணாடியில் காட்டுவாள். சுவர் முழுக்கக் கண்ணாடி, மேலே கண்ணைக் கூசும் விளக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவை வாடிக்கையாளர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் பார்த்தாக வேண்டிய வேலை அது.

போனை வைத்ததோடு விஷயம் முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் குட்டி பதினேழு வீடியோ அனுப்பிவிட்டாள். எல்லாவற்றிலும் ஒரு பெண் முதலில் அழுது வடிந்த முகத்தோடு வருகிறாள். அடுத்த நொடி பளபளவென்று சிரிக்கிறாள். சிஸ்டர் ஒன்றையும் முழுதாகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டி நேரிலேயே வந்துவிட்டாள், கையில் வழவழப்பான ஒரு விளம்பரத் தாளோடு. ‘ஆறே வாரத்தில் பத்து வயது குறையும்’ என்று அதில் போட்டிருந்தது.

“இதுல பீல்தான் எனக்குச் சரின்னு தோணுதுக்கா. மேல் தோல் உரிஞ்சு புதுத் தோல் வருமாம். இயற்கையானதுதானாம்.”

“அது ஆசிட்டுடீ. ஆசிட்டைத் தடவறது எப்படி இயற்கையாகும்?”

“பழத்துலேர்ந்து எடுக்கறாங்களாம்.”

“எந்தப் பழத்துலேர்ந்து? எத்தனை சதவீதம்? யாரு போடறாங்க? டாக்டரா? உன் தோலுக்கு ஒத்துக்குமான்னு முதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சமா தடவிப் பார்ப்பாங்களா?”

“நீ எதைச் சொன்னாலும் இப்படித்தான் கேள்வி மேல கேள்வி கேட்ப. அவர்கிட்டக் கேட்டேன், ‘உனக்கு எது சரின்னு படுதோ செய்’னார்.”

குட்டியின் கணவருக்கு எதிலுமே கருத்து கிடையாது. வீட்டுக்கு வெள்ளை அடிக்க நிறம் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்.

வாதாடிப் பயனில்லை என்று சிஸ்டர், “சரி வா, அந்த இடத்தை நானும் பார்க்கறேன்” என்று கிளம்பினாள்.

அழகு நிலையத்துக்குள் நுழைந்ததும் குளிரூட்டியின் காற்றும் பூ வாசனையும் முகத்தில் அடித்தன. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிரே வந்தாள். அவள்தான் ஆலோசகராம். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் ஏழு. சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டு, முடி அலங்காரத்துக்கு. ஒன்று, நகம். மற்றவை மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்ததற்கு.

“டாக்டர் எப்போ வருவார்?” என்று கேட்டாள்.

“எங்க புரோட்டோகால் எல்லாமே டாக்டர் டிசைன் பண்ணதுதான் மேடம்.”

“அது சரி. அந்த டாக்டர் இங்க வருவாரா?”

“ஆன் கால்ல இருப்பாங்க மேடம்.”

“எங்கே, ஒரு கால் போடுங்க. நான் பேசறேன்.”

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் குட்டியின் பக்கம் திரும்பி, “உங்க ஸ்கின்னுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் நல்லது மேடம். லேட் ஆயிடுச்சுன்னா கஷ்டம்” என்றாள்.

“லேட்டானா என்ன, பஸ் போயிடுமா?” என்றாள் சிஸ்டர்.

சோபாவில் காத்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

“இப்படியா மானத்தை வாங்குவ? சரி, வேண்டாம். போடலை. போதுமா?”

“போதும்” என்று சிஸ்டர் திருப்தியோடு வீட்டுக்குப் போனாள். குட்டியைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள், அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி என்று சொன்னதே இல்லை என்பதை அன்று யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. “முப்பத்தேழு” என்று சிஸ்டர் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. “முப்பத்தேழு யாரு? இருக்கீங்களா, இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கத்தறது?”

தூணுக்குப் பின்னால் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தலையைச் சுற்றித் துப்பட்டா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அந்த நடையைப் பார்த்ததுமே சிஸ்டருக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

குட்டி கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கன்னமும் தீய்ந்த தோசை மாதிரி கறுத்து, அங்கங்கே தோல் உரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருந்தது. இமை பாதிதான் திறந்தது.

சிஸ்டர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். டோக்கன், வரிசை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் வெளிச்சத்தை அருகில் இழுத்துப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, அதிகம் பேசமாட்டார்.

“எத்தனை நாள் ஆச்சு?”

“அஞ்சு நாள் டாக்டர்.”

“போட்டப்போ எரிஞ்சுதா?”

“ரொம்ப எரிஞ்சுது. சொன்னேன். ‘எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம் மேடம்’னாங்க. மறுநாள் கடைக்குப் போனேன். வெயில்ல போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. திரும்பப் போய்க் காட்டினேன். ‘நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே’ன்னு ஒரு பேப்பரைக் காட்டினாங்க.”

“கண்ணுக்குள்ளே போகலை. அது வரைக்கும் தப்பிச்சீங்க. ஒரு விரல்கடை மேலே பட்டிருந்தா இன்னைக்குப் பார்வையைப் பத்திப் பேசிட்டு இருந்திருப்போம்” என்றார் டாக்டர். “புண்ணு ஆறிடும். கறுப்பு மறைய மாசக் கணக்காகும். கொஞ்சம் தங்கிடவும் செய்யலாம்.”

மருந்து தடவும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சிஸ்டர் வெடித்தாள்.

“எத்தனை தடவைடீ சொன்னேன்? தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! சுவத்துல இருந்த சான்றிதழ் ஒவ்வொண்ணையும் படிச்சுக் காட்டினேன். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்றேன், என் கூடப் பொறந்தவ காதுல ஏறலை. இந்த வயசுல உனக்கு எதுக்குடீ இந்தப் பளபளப்பு? யாரு கேட்டா?”

குட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதால் கன்னம் எரியும் என்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“நீதான் அக்கா.”

“நானா? நான் என்ன பண்ணேன்?”

“அண்ணன் பொண்ணு பட்டம் வாங்கினப்போ எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்களே. போட்டோ எடுக்க வந்தவர், ‘உங்கள்ல அக்கா யாரு, தங்கச்சி யாரு’ன்னு கேட்டார். நீ என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, ‘பார்த்தாலே தெரியலை? கிழவி மாதிரி இருக்காளே, இவதான் அக்கா’ன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

சிஸ்டருக்கு அந்த நாள் நினைவிருந்தது. சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லக்கூடியவள்தான்.

“விளையாட்டுக்குச் சொன்னதுடீ.”

“தெரியும். நீ மறந்துட்ட. எனக்குத்தான், கடையில ஒவ்வொருத்தருக்கும் ஃபிரேம் மாட்டிவிடறப்போ கண்ணாடியில என் முகம் தெரியும், நீ சொன்னது காதுல கேட்கும். போட்டுட்டு வந்து உன் முன்னாடி நிக்கணும்னு நெனச்சேன். அதான் போறதை உன்கிட்டச் சொல்லலை.”

சிஸ்டர் கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டாள். சற்று முன்வரை தொண்டை வரை நிறைந்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. சான்றிதழைப் படிக்கத் தெரிந்தது. ஆசிட் எத்தனை சதவீதம் என்று கேட்கத் தெரிந்தது. ‘ஏன்டீ, உனக்கு என்ன ஆச்சு’ என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“தப்புதான்டீ” என்றாள். மறுபடி பஞ்சை எடுத்து மருந்தைத் தடவினாள்.

அடுத்த மூன்று மாதம் குட்டி வாராவாரம் வந்தாள். கடையில் அவளை உள்ளே கண்ணாடி வில்லை பொருத்தும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அக்காவும் தங்கையுமாகச் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். இந்த மேசைக்குப் போங்கள், அந்த மேசைக்குப் போங்கள் என்று அலைக்கழித்து, நாலாவது தடவைதான் வாங்கிக்கொண்டார்கள். அழகு நிலையம் ஒரு வாரம் பூட்டிக் கிடந்து, வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப் பெயரைக் குறித்து இன்னொரு புகார் எழுதினாள்.

புண் ஆறியது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு நிழல் மாதிரி கறுப்பு தங்கிவிட்டது. ஒரு நாள் குட்டி தயங்கித் தயங்கி டாக்டரிடம் கேட்டாள்.

“இனிமே நான் முகத்துக்கு எதையுமே போட நெனைக்கக்கூடாதா டாக்டர்?”

“யாரு சொன்னா? நல்லா இருக்கணும்னு நெனைக்கறது தப்பா என்ன?” என்றார் டாக்டர். “தோல் நல்லா தேறட்டும். அதுவரைக்கும் சன்ஸ்கிரீன் போதும். அப்புறமும் உங்களுக்கு வேணும்னு தோணினா வாங்க. உங்க நிறத்துக்கு எது ஒத்துக்கும், எது கறுப்படிக்கும்னு பார்த்து, ஒரு ஓரத்துல சோதிச்சுட்டு, மெதுவா செய்யலாம். ஆறு வாரத்துல பத்து வயசு குறைப்பேன்னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க.”

குட்டி சிரித்தாள். கன்னம் வலிக்காமல் அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு நாள். தோல் பிரிவு வாசலில் வழக்கமான நெரிசல். ஒரு கணவனும் மனைவியும் சிஸ்டரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கணவர் இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தார். மனைவி முந்தானையால் இரண்டு கையையும் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“என்ன தொந்தரவு?” என்று சிஸ்டர் கேட்டாள்.

கணவர்தான் பதில் சொன்னார். “இவ முகத்தைப் பாருங்க சிஸ்டர். முப்பத்தெட்டு வயசுன்னு சொன்னா எவன் நம்புவான்? வதங்கின கத்திரிக்கா மாதிரி ஆயிட்டா. ஆபீஸ் விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போகவே கூச்சமா இருக்கு. இப்போ என்னென்னமோ ட்ரீட்மென்ட் வந்திருக்காமே, லேசர், அது இதுன்னு. எது நல்லதுன்னு சொல்லுங்க.” சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்றாள்.

அந்தப் பெண் கணவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

“பாத்திரம் தேய்க்கற பவுடர் ஒத்துக்கலை போல, சிஸ்டர். துணி பிழிய முடியலை. இதுக்கு மருந்து வாங்கத்தான் வந்தேன்.”

“எப்போலேர்ந்து இப்படி?” என்று கேட்டது சிஸ்டர் இல்லை, கணவர்.

“ஏழு மாசமா.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. சிஸ்டர் சீட்டில் ‘கை’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. நானும் உங்களை மாதிரி வாய்த்துடுக்கா பேசி, கூடப் பொறந்தவ முகத்தைப் புண்ணாக்கினவதான். எந்த ட்ரீட்மென்ட் நல்லதுன்னு டாக்டர் சொல்லுவாங்க, அது அவங்களுக்கா ஆசை வந்து அவங்களே கேட்கறப்போ. அடுத்தவங்க முகத்தைப் பத்தி, அவங்க கேட்காம நாம வாயைத் திறக்கவே கூடாது. நாம சொல்லிட்டு மறந்துடுவோம். கேட்டவங்க மறக்கமாட்டாங்க. அப்புறம் ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், அது யாரு, என்ன படிச்சவங்கன்னுகூடக் கேட்காம முகத்தை நீட்டிடுவாங்க. போலி ஆளு தடவற ஆசிட் அப்புறம்தான் சுடுது. முதல்ல சுடறது வீட்டு ஆளுங்க வாய்தான்.”

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகக் காலெடுத்து வைத்தார்.

“கையை விடுங்க சார், அவங்களுக்கு வலிக்கும். நீங்க அந்தப் பெஞ்சியில உட்காருங்க” என்றாள் சிஸ்டர். அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அனுப்பினாள்.