செத்த ஆட்டு மயிர்

பாடை கட்டி முடிவதற்குள் லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. சாவு வீட்டில் சரக்கு ஏற்றுவதா என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். மெட்ராஸ் கம்பளி மில்லுக்காகப் பத்து வருஷமாய்ச் சரக்கெடுக்கும் யேசுதாஸ், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி முத்தம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"மன்னிச்சிக்கோ அக்கா. அண்ணன் போன சேதியே இங்க வந்துதான் தெரியும். மூட்டய ஏத்திட்டு நானும் தோள் குடுக்கறேன்."

முத்தம்மாளின் புருஷன் தணிகாசலம் ஊத்துக்கோட்டையில் முப்பது வருஷம் ஆட்டுமயிர் வியாபாரம் பார்த்தவர். மயிர் விற்றுப் பிழைக்கிறவன் என்று கடைத்தெருவே கேலி பேசும். "ஆமாய்யா, உனுக்கு அது மயிரு, எனுக்கு அது சோறு" என்பார். வருகிற சரக்கில் ஒரு கொத்தை உருவி நுனியைப் பார்ப்பார். கத்தரி பட்டதென்றால் எடுத்துக்கொள்வார். வேரோடு இருந்தால் அது செத்த ஆட்டில் பிடுங்கியது. கொண்டுவந்தவன் எவனானாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். அவர் மூட்டையை மில்லில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், அந்த அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில், ஆடு மேய்க்கும் முனெய்யா கொண்டுவந்த வேர்மயிரைத் தெரிந்தே வாங்கினார். தொட்ட மனுஷனையும் பற்றும் அடைப்பான் நோய் கண்டு முனெய்யாவின் ஆட்டுக் கிடை ஒரே வாரத்தில் சுருண்டு விழுந்திருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். இவரோ யார் கையிலும் விடாமல் தானே அதைப் பிரித்து நல்ல மயிரோடு கலந்தார்.

நாலாம் நாள் மணிக்கட்டில் ஒரு கொப்புளம். வலியே இல்லை. நடுவில் மட்டும் கரியாய்க் கறுத்தது. "செத்த ஆடு, தோல், மயிர், ஏதாவது தொட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்தப் பழக்கமே நம்மகிட்ட கெடையாது சார்."

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். முத்தம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். பாவி, வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அவர், "பேரு போச்சுனா அப்பால இன்னாடி கீது நமக்கு?" என்றார். கை தோள்வரை வீங்கியது. ஐந்தே நாளில் ஆள் போய்விட்டார்.

இப்போது வாசலில் ஆறு மூட்டை லாரியில் ஏறிவிட்டது.

"பிரிச்சிப் பாக்கலியா?" என்று யேசுதாஸிடம் கேட்டாள் முத்தம்மாள்.

"அண்ணன் மூட்டய இன்னாத்துக்குப் பிரிக்கணும்? மில்லுல பொம்பளைங்க கையால உதறச்சொல்லோ தானா பிரியப் போவுது."

"எத்தினி பேரு?"

"நாப்பது பேரு. ஏங்க்கா?"

முத்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். கறுத்த கையை வேட்டியால் மூடி வைத்திருந்தார்கள். மன்னிச்சிக்கய்யா, என்னால முடியல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

"எறக்கு யேசுதாசு. செத்த ஆட்டு மயிரு அது. அடைப்பான்ல செத்த ஆடு. இவருதான் கலந்தாரு. டாக்டராண்ட நானும் சொல்லாம இருந்துட்டேன். எல்லாத்தியும் கொளுத்திடு."

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கையை மண்ணில் தேய்த்தார்கள். "யோக்கியன் வரான், சொம்ப எடுத்து உள்ள வைங்கற கதையா இல்ல கீது" என்றது ஒரு குரல். பிள்ளையில்லாதவருக்குத் தோள் கொடுக்க வந்திருந்த பங்காளிகள் நாலு பேரும் பாடையைவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒருவருக்கு இடுப்புவலி வந்தது. இன்னொருவருக்கு மீஞ்சூர் பஸ் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது.

அதுவரை லாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற முனெய்யா வந்தான். "எனக்காக வாங்கினாரும்மா" என்று சொல்லி, முன்கழி ஒன்றைத் தோளில் ஏற்றினான். யேசுதாஸ் அவனையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மற்ற முன்கழிக்குப் போனான்.

பின்பக்கம் ஆளில்லை. முத்தம்மாள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு இரண்டு கழிக்கும் நடுவில் நின்று, கைக்கொன்றாய்த் தூக்கினாள். இடுப்புக்கு மேல் ஏறவில்லை. பாடை அவள் பக்கம் சரிந்தது. அவர் உச்சந்தலை அவள் வயிற்றில் வந்து முட்டியது. "போலாம்" என்றாள்.